மக்கோண்டோ கிணறும் நூறு விழுக்காட்டுக் கணக்கும்

2014 செப்டம்பர் 4 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி கார்ல் பார்பியர் ஒரு தீர்ப்பை வெளியிட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் துளையிடும் மேடை வெடித்து மூழ்கியதற்கும், அதன் கீழிருந்த மக்கோண்டோ கிணற்றிலிருந்து 87 நாட்கள் கச்சா எண்ணெய் கடலில் பாய்ந்ததற்கும் யார் எவ்வளவு பொறுப்பு என்பதை அவர் அதில் வகுத்திருந்தார். கிணற்றை நடத்திய பிபி நிறுவனத்துக்கு 67 விழுக்காடு, மேடையின் உரிமையாளரான டிரான்ஸ்ஓஷனுக்கு 30 விழுக்காடு, கிணற்றில் சிமெண்ட் கலவை செலுத்திய ஹாலிபர்ட்டனுக்கு 3 விழுக்காடு. கூட்டினால் மிகச் சரியாக நூறு வருகிறது.

கட்டுமான ஒப்பந்தங்களை வரி வரியாகச் சரிபார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில்தான் இந்தத் தீர்ப்பை நான் வாசிக்கத் தொடங்கினேன். அன்றிரவு மேடையில் நடந்தவற்றை நிமிட வாரியாக அடுக்கி, ஒவ்வொரு முடிவையும் எடுத்தவர் யார், எடுக்கத் தவறியவர் யார் என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டும் ஆவணம் அது. பிபி செய்தது வெறும் கவனக்குறைவு அன்று, பெருங்கவனக்குறைவு என்று அது துணிந்து சொன்னது. அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் அந்த மூன்று எண்கள் எனக்கு இன்றளவும் உறுத்தலாகவே இருக்கின்றன. நட்டத்தை யார் யார் எந்த விகிதத்தில் ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு அவை விடை. விபத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வேறு. நாம் முதல் கேள்வியின் விடையை வாங்கிக்கொண்டு இரண்டாவது கேள்வியும் தீர்ந்துவிட்டதாக எண்ணிவிட்டோம்.

2010 ஏப்ரல் 20 அன்று மாலை அங்கே என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லூயிசியானா கரையிலிருந்து ஏறத்தாழ 66 கிலோமீட்டர் தொலைவில், 1,500 மீட்டர் ஆழமுள்ள கடலின் மேல் அந்த மேடை மிதந்துகொண்டிருந்தது. கிணறு தோண்டி முடிந்திருந்தது. எண்ணெய் எடுக்கும் வேலையை வேறொரு அமைப்பு பின்னர் வந்து செய்யும் என்பதால், கிணற்றைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு இந்த மேடை அடுத்த வேலைக்குப் புறப்பட வேண்டியதுதான் பாக்கி. வேலை திட்டமிட்டதைவிட ஆறு வாரங்கள் பின்தங்கியிருந்தது. மேடையின் வாடகையும் பிற செலவுகளும் சேர்ந்து ஒரு நாள் தாமதத்துக்குச் சுமார் 10 லட்சம் டாலர் ஆகும். மேடையில் அன்று 126 பேர் இருந்தார்கள். ஊழியர் எவரும் காயத்தால் ஒரு நாள் வேலை கூட இழக்காமல் ஏழு ஆண்டுகள் கழிந்ததைப் பாராட்டுவதற்காக பிபி, டிரான்ஸ்ஓஷன் ஆகிய இரு நிறுவனங்களின் மேலதிகாரிகளும் அன்றுதான் வந்திருந்தார்கள்.

கிணற்றின் அடியில் செலுத்திய சிமெண்ட் நன்றாக இறுகி, எண்ணெயையும் வாயுவையும் தடுத்து நிறுத்துகிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கிணற்றுக்குள் இருக்கும் கனமான துளையிடும் சேற்றில் ஒரு பகுதியை அகற்றிவிட்டு எடை குறைந்த கடல்நீரை நிரப்புவார்கள். பிறகு குழாயைத் திறந்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு மூடுவார்கள். சிமெண்ட் தாங்குகிறது என்றால் அழுத்தம் மறுபடி ஏறக் கூடாது. அன்று ஏறியது. மீண்டும் வெளியேற்றினார்கள், மீண்டும் ஏறியது. துளையிடும் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு என்று மானி காட்டிக்கொண்டிருந்தது. கிணற்றோடு இணைந்த இன்னொரு சிறு குழாயிலோ அழுத்தம் பூஜ்யம். ஒரே கிணற்றுக்குள் திறந்திருக்கும் இரண்டு குழாய்கள் இப்படி முரண்பட முடியாது. ஒன்று அடைபட்டிருக்க வேண்டும், அல்லது கிணறு கீழே கசிய வேண்டும். மேலே நிற்கும் சேற்றின் எடை அமுக்குவதால் அழுத்தம் அப்படித் தோன்றுகிறது என்று ஒரு விளக்கம் அங்கே சொல்லப்பட்டது. அந்த விளக்கத்துக்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை என்பதைப் பின்னர் நடந்த விசாரணைகள் உறுதி செய்தன. பிறகு பூஜ்யம் காட்டிய சிறு குழாயை மட்டும் அரை மணி நேரம் கவனித்தார்கள். அதிலிருந்து நீர் எதுவும் வழியவில்லை. சோதனை வெற்றி என்று முடிவெடுத்தபோது மணி ஏறத்தாழ எட்டு.

இரவு 8:52 மணிக்கு, மேடையிலிருந்த பிபி மேற்பார்வையாளர் ஹூஸ்டனில் இருந்த தம் நிறுவனப் பொறியாளரோடு தொலைபேசியில் பேசினார். பேச்சினிடையே அந்த முரண்பட்ட அழுத்த அளவுகள் குறிப்பிடப்பட்டன. குழாய்கள் முறையாக இணைக்கப்பட்ட சோதனையில் ஒரு பக்கம் அழுத்தமும் மறுபக்கம் பூஜ்யமும் வராது என்று பொறியாளருக்குத் தெரிந்திருந்தது, அதை அவர் சொல்லவும் செய்தார். ஆனால் வேலையை நிறுத்திச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மேடையில் இருந்தவரும் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை, சேறு மேடைத் தளத்தின் மேல் பீறிட்டு வழிந்தது. அதைத் தொடர்ந்து வாயு மேடை முழுவதும் பரவியது. 9:49 வாக்கில் வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

பார்பியர் தம் தீர்ப்பில் அந்தத் தொலைபேசி உரையாடலுக்குப் பெரிய எடை கொடுத்தார். பிபியின் குற்றம் பெருங்கவனக்குறைவு என்ற முடிவுக்கு அது முக்கியமான காரணங்களுள் ஒன்று. அது முற்றிலும் சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆபத்தை உணரும் அறிவும், நிறுத்தும் அதிகாரமும், நிறுத்துவதற்கு வேண்டிய நேரமும் ஒன்றாகக் கூடியிருந்த தருணம் அது.

ஆனால் அந்த அதிகாரம் பிபிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஆபத்தென்று கண்டால் எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம் என்ற உரிமை அந்த மேடையில் எழுத்திலேயே இருந்தது. அழுத்த மானியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் டிரான்ஸ்ஓஷன் ஊழியர்களும் இருந்தார்கள். அவர்கள் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். கிணற்றில் செலுத்துவதற்காகத் தேர்ந்தெடுத்த, நைட்ரஜன் நுரை கலந்த சிமெண்ட் நிலையாக நிற்காது என்று காட்டிய ஆய்வக முடிவுகள் ஹாலிபர்ட்டனிடம் பிப்ரவரியிலிருந்தே இருந்தன. இவர்களில் யாரேனும் ஒருவர் தம் பங்கைச் செய்திருந்தால் விபத்தில் மூன்று விழுக்காடோ முப்பது விழுக்காடோ குறைந்திருக்காது, விபத்தே நடந்திருக்காது. மடையைத் திறந்துவிட்டுப் போனவனும் அது திறந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே வரப்பில் நடந்து போனவனும் அழுகிய பயிருக்கான நட்டஈட்டை வேறு வேறு அளவில் கட்டலாம். ஆனால் நீரை அடைக்கும் கடமை இருவருக்கும் முழுமையாகவே இருந்தது. பொறுப்பு என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பலர் சேர்ந்து சுமக்கும்போது பணச் சுமை ஒவ்வொருவருக்கும் குறையலாம், கடமை குறையாது.

ஆனால் கடலடி எண்ணெய்த் தொழில் முழுவதும் அதற்கு நேரெதிரான எண்ணத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. மக்கோண்டோவின் குத்தகையில் பிபிக்கு 65 விழுக்காடு, அனடார்க்கோ நிறுவனத்துக்கு 25, ஜப்பானின் மிட்சுயி குழுமத்தைச் சேர்ந்த மோஎக்ஸ் நிறுவனத்துக்கு 10. மேடை டிரான்ஸ்ஓஷனுடையது. அந்த நிறுவனத்தின் தலைமையிடம் சுவிட்சர்லாந்து. மேடை கட்டப்பட்டது தென்கொரியாவின் ஹூண்டாய் கப்பல் தளத்தில். அது பதிவாகியிருந்தது மார்ஷல் தீவுகளின் கொடியின் கீழ். கிணறு பீறிடும்போது குழாயை வெட்டி அடைக்க வேண்டிய, கடலடியில் நிறுவப்பட்ட ராட்சத வால்வு அடுக்கு கேமரான் நிறுவனத்தின் தயாரிப்பு. அந்தக் கடைசிக் காவலும் அன்று குழாயை முழுமையாக வெட்டி மூடவில்லை.

பிபிக்கும் டிரான்ஸ்ஓஷனுக்கும் இடையே இருந்த துளையிடும் ஒப்பந்தத்தில், நீர்மட்டத்துக்கு மேலே மேடையிலிருந்து வரும் மாசுக்கு டிரான்ஸ்ஓஷனும், கிணற்றிலிருந்து வரும் மாசுக்கு பிபியும் செலவை ஏற்பதாக எழுதியிருந்தது. மற்றவரின் கவனக்குறைவே காரணமாக இருந்தாலும் இந்த ஏற்பாடு செல்லும் என்பதுதான் இத்தகைய விதிகளின் சாரம். 2012 ஜனவரியில் பார்பியர் இந்த விதி பெரும்பாலும் செல்லும் என்றே தீர்ப்பளித்தார். நட்டஈட்டுத் தொகைக்கு அது பொருந்தும், தண்டனையாக விதிக்கப்படும் தொகைக்கும் அபராதத்துக்கும் பொருந்தாது என்று ஒரு கோடு மட்டும் கிழித்தார். இத்தகைய விதிகளை எழுதுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதை என் தொழிலின் பொருட்டு நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஆபத்துக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு முறை காப்பீடு எடுக்க வேண்டியதில்லை, வழக்கு குறையும், விலை நிர்ணயிப்பது எளிது. ஆயினும் துளையிடும் விசையில் கை வைத்திருப்பவர், தாம் செய்யப் போகும் தவறின் செலவை வேலை தொடங்கும் முன்பே வேறொருவர் தலையில் ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்குகிறார் என்ற உண்மை அதனால் மாறிவிடுவதில்லை.

விபத்து நடந்து மூன்று வாரங்களில், மே 11 அன்று, அமெரிக்க செனட் குழுவின் முன் மூன்று நிறுவனங்களின் உயர் அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து சாட்சியம் சொன்னார்கள். அடைத்திருக்க வேண்டிய வால்வு டிரான்ஸ்ஓஷனுடையது என்றார் பிபியின் அமெரிக்கப் பிரிவின் தலைவர். கிணறு தொடர்பான எல்லா முடிவும் கிணற்றை நடத்துபவருடையது என்றார் டிரான்ஸ்ஓஷன் தலைவர். பிபி கொடுத்த திட்டப்படியே எங்கள் வேலையைச் செய்தோம் என்றார் ஹாலிபர்ட்டன் தரப்பில் வந்தவர். அதிபர் ஒபாமா அந்தக் காட்சியை வெளிப்படையாகவே கண்டித்தார். அவர் கண்டித்ததில் தவறில்லை. ஆனால் அந்த மூவரும் அன்று புதிதாக எதையும் புனைந்து சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தங்கள் ஒப்பந்தங்களில் ஏற்கெனவே எழுதியிருந்ததைத்தான் உரக்க வாசித்தார்கள்.

அதே வாரத்தில் டிரான்ஸ்ஓஷன் ஹூஸ்டன் நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டது. கப்பல் உரிமையாளரின் பொறுப்பு, விபத்துக்குப் பின் அந்தக் கப்பலுக்கு எஞ்சியிருக்கும் மதிப்பைத் தாண்டாது என்று சொல்லும் 1851ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அமெரிக்காவில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. டைட்டானிக் கப்பலின் உரிமையாளர்கள் பயன்படுத்திய அதே சட்டம். மிதக்கும் மேடையும் கப்பல்தான் என்பதால், தன் மொத்தப் பொறுப்பை ஏறத்தாழ 2.67 கோடி டாலருக்குள் அடக்க வேண்டும் என்று டிரான்ஸ்ஓஷன் கேட்டது. மேடைக்கான காப்பீடு 56 கோடி டாலர். அதில் 40 கோடி அதற்குள்ளாகவே அந்த நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டிருந்தது. இறுதியில் அந்த வரம்பு அதற்குக் கிடைக்கவில்லை. குற்ற வழக்கிலும் சிவில் வழக்கிலுமாக 140 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆனால் 11 பேரின் வீடுகளில் துக்கம் ஆறாத நாட்களில் இப்படி ஒரு மனுவைப் போடச் சட்டம் இடம் கொடுத்தது என்பதே எனக்கு ஏற்க முடியாததாக இருக்கிறது.

ஹாலிபர்ட்டன் கதை இன்னும் வருத்தம் தருவது. கிணற்றுக்குள் இறக்கும் உறைக்குழாய் நடுவில் நிற்க வேண்டுமானால் அதைச் சுற்றி நடுப்படுத்தும் வளையங்கள் வேண்டும். 21 வளையங்கள் தேவை என்று ஹாலிபர்ட்டன் பரிந்துரைத்தது, பிபி 6 மட்டுமே போட்டது. விபத்துக்குப் பிறகு ஹாலிபர்ட்டன் இதையே பிபியின் பெருந்தவறாகச் சுட்டிக்காட்டியது. ஆனால் நிறுவனத்துக்குள்ளேயே கணினியில் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது, 6க்கும் 21க்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்த முடிவுகளை அழிக்குமாறு ஊழியர்களிடம் சொல்லப்பட்டது. சான்றை அழித்த குற்றத்தை 2013இல் ஹாலிபர்ட்டன் ஒப்புக்கொண்டது. அதற்கு விதித்த அபராதம் 2 லட்சம் டாலர். அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் இருந்த உச்ச வரம்பே அவ்வளவுதான்.

இனி, அந்த நூறு விழுக்காட்டில் இடமே பெறாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அமெரிக்க அரசாங்கம். கடலடி எண்ணெய் வேலைகளை அப்போது மேற்பார்வையிட்டது கனிம மேலாண்மைச் சேவை என்னும் அரசுத் துறை. கடற்பரப்பைக் குத்தகைக்கு விட்டு, எண்ணெயிலிருந்து அரசுக்கு வரவேண்டிய பங்கை வசூலிப்பதும் அதன் வேலை; பாதுகாப்பை ஆய்வு செய்து, விதியை மீறியவர்களை நிறுத்துவதும் அதன் வேலை. வசூல் பெருக வேண்டுமானால் கிணறுகள் பெருக வேண்டும். பாதுகாப்பு பெருக வேண்டுமானால் சில கிணறுகளை நிறுத்தியாக வேண்டும். ஒரே கை இரண்டையும் செய்தது. அதன் லூயிசியானா அலுவலகத்தில் இருந்த ஊழியர்கள் சிலர், தாங்கள் கண்காணிக்க வேண்டிய நிறுவனங்களிடமிருந்தே விளையாட்டுப் போட்டிச் சீட்டுகளையும் வேட்டைப் பயணங்களையும் பரிசாகப் பெற்றதாகத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் 2010 மே மாதம் அறிக்கை வெளியிட்டார்.

மக்கோண்டோ திட்டத்துக்கு விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு தேவையில்லை என்று 2009இல் விலக்களித்தது இந்தத் துறைதான். பிபியின் எண்ணெய்க் கசிவு எதிர்கொள்ளும் திட்டத்தை ஏற்றுக்கொண்டதும் இதுவே. மெக்சிகோ வளைகுடாவுக்கான அந்தத் திட்டத்தில், காக்கப்பட வேண்டிய உயிரினங்களாகக் கடற்பசுவின் பெயரோ டால்பினின் பெயரோ இருந்திருந்தால் வியப்பில்லை. துருவக் குளிரில் வாழும் வால்ரஸ் இருந்தது. ஆலோசனை கேட்க வேண்டிய வல்லுநராக, 2005லேயே இறந்துவிட்ட ஒரு பேராசிரியரின் பெயர் இருந்தது. எழுதியவர் படிக்காமல் எழுதினார், ஒப்புதல் தந்தவர் படிக்காமல் தந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: 11 உயிர்களின் கதியைத் தீர்மானித்த அந்த அழுத்தச் சோதனையைச் செய்தாக வேண்டும் என்று கூட அரசின் விதிகளில் அப்போது ஒரு வரி கிடையாது. செய்தால் எப்படிச் செய்ய வேண்டும், எந்த அளவை வெற்றி என்று கொள்ள வேண்டும் என்பதும் எழுதப்படவில்லை. விபத்தை ஆராய அதிபர் அமைத்த தேசிய ஆணையம், காரணங்கள் ஒரு நிறுவனத்தோடு முடிபவை அல்ல, தொழில் முழுவதற்கும் அரசின் மேற்பார்வைக்கும் உரியவை என்று 2011 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டில் அந்தத் துறை மூன்றாகப் பிரிக்கப்பட்டு, வசூலும் பாதுகாப்பும் வேறு வேறு கைகளுக்குப் போயின. தவறு எங்கே இருந்தது என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு அந்தப் பிரிவினையே போதுமான சான்று என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆயினும் அதற்காக அரசு எவருக்கும் ஒரு டாலர் கூட நட்டஈடு கொடுக்க நேரவில்லை. அபராதம் வாங்கிய இடத்திலேயே அது அமர்ந்திருந்தது.

பெட்ரோல் எரிக்கும் நாம் எல்லோரும்தான் பொறுப்பு என்று சொல்பவர்களும் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எண்ணெயின் மேல் நம் எல்லோருடைய வாழ்வும் கட்டப்பட்டிருப்பது உண்மை, அதை மாற்ற வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் 1,400 பவுண்டு காட்டிய மானியின் முன் நின்றவர்கள் நாம் அல்லோம். கோடிக்கணக்கானோர் மீது ஒரு குற்றத்தைப் பரப்பினால் அது ஒருவர் மீதும் ஒட்டாது. அந்த வாதத்தால் நிம்மதி அடைபவர்கள் 8:52 மணித் தொலைபேசியின் இரு முனைகளிலும் இருந்த நிறுவனத்தார் மட்டுமே.

பாதிக்கப்பட்டவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பங்கீட்டுக் கணக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது புரியும். 2010 ஜூன் தொடக்கத்தில் வளைகுடாவின் கூட்டாட்சிக் கடற்பரப்பில் 37 விழுக்காட்டில் மீன்பிடிக்கத் தடை இருந்தது. இறால் பருவத்தின் நடுவில் இறால் படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. அந்தப் படகுக்காரர்களில் கணிசமானோர் வியட்நாமிலிருந்து போருக்குப் பின் வந்து குடியேறிய குடும்பத்தினர். பிடித்ததைக் கரையிலேயே ரொக்கத்துக்கு விற்றுப் பழகியவர்களுக்கு, நட்டத்தை நிரூபிக்கக் கணக்குப் புத்தகம் கேட்டபோது கொடுக்க ஒன்றும் இல்லை. பிபி ஒதுக்கிய 2,000 கோடி டாலர் நிதியிலிருந்து இழப்பீடு வழங்க அமைத்த அலுவலகம், 2010 டிசம்பரில் விரைவுத் தீர்வு ஒன்றை முன்வைத்தது. தனி நபருக்கு 5,000 டாலர், தொழிலுக்கு 25,000 டாலர், உடனடியாக. வாங்கிக்கொள்பவர் இனி வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். எட்டு மாதம் வருமானமில்லாமல் இருந்தவர் முன் அந்தக் காகிதத்தை வைத்தால் அவர் என்ன செய்வார்? ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். கடல் தேறுமா, தேற எத்தனை ஆண்டு ஆகும் என்பது எவருக்கும் தெரியாத நேரம் அது.

சிப்பி வளர்ப்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. எண்ணெய் சதுப்பு நிலங்களுக்குள் புகாமல் தள்ளிவிடும் நோக்கத்தில், லூயிசியானா மாநிலம் மிசிசிப்பி ஆற்றின் நன்னீரைத் திருப்பிவிடும் மதகுகளைத் திறந்தது. சிப்பிக்கு உப்பு வேண்டும். நன்னீர் பெருகிய இடங்களில் படுகை படுகையாகச் சிப்பிகள் செத்தன. எண்ணெய் தீண்டாத சிப்பிகள் அவை. இதற்கு யார் பொறுப்பு? மதகைத் திறந்த மாநிலமா, திறக்க வேண்டிய நிலையை உண்டாக்கிய பிபியா? மதகைத் திறந்தவர்கள் நல்லெண்ணத்தில் திறந்தார்கள் என்பதையும், கிணறு பீறிடாமல் இருந்திருந்தால் திறந்திருக்க மாட்டார்கள் என்பதையும் வைத்துப் பார்க்கும்போது, இதன் முதற்பொறுப்பும் கிணற்றுக்காரரையே சேரும் என்பது என் முடிவு. கடலின் மேற்பரப்பிலும் அடியிலும் எண்ணெயைச் சிதறடிப்பதற்காகக் கொட்டிய ஏறத்தாழ 18 லட்சம் கேலன் ரசாயனத்துக்கும் இதுவே பொருந்தும், ஆனால் அதற்கு அரசு அனுமதி கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாய்ந்த எண்ணெயின் அளவு கூடப் பேரத்துக்கு உரியதானது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள், பிறகு 5,000 என்றார்கள். அரசு அறிவியலாளர்கள் கடைசியில் கண்டறிந்தது, தொடக்க நாட்களில் 62,000 பீப்பாய். கசிவின் அளவைக் குறைத்துக் காட்டி நாடாளுமன்றத்துக்குத் தடை ஏற்படுத்திய குற்றத்தை பிபி பின்னர் ஒப்புக்கொண்டது. அபராதம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படுவதால், ஒவ்வொரு பீப்பாயும் நீதிமன்றத்தில் வாதாடப்பட்டது. கடலில் கலந்தது 31.9 லட்சம் பீப்பாய் என்று 2015 ஜனவரியில் பார்பியர் முடிவு செய்தார்.

பிபி கட்டிய தொகை சிறியதன்று. 2016இல் உறுதியான உடன்பாடு 2,080 கோடி டாலர். எல்லாச் செலவும் சேர்த்து 6,500 கோடி டாலரைத் தாண்டியது. 11 பேரின் மரணத்துக்காக 11 குற்றச்சாட்டுகளை நிறுவனம் 2012இல் ஒப்புக்கொண்டு 400 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. ஆனால் சிறைக்குப் போனவர் ஒருவரும் இல்லை. மேடையிலிருந்த இரண்டு மேற்பார்வையாளர்கள் மீது போட்ட மரணக் குற்றச்சாட்டுகள் 2015 டிசம்பரில் கைவிடப்பட்டன. ஒருவர் சிறு குற்றமொன்றை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு விடப்பட்டார், மற்றவரை ஜூரிகள் விடுவித்தார்கள். இதில் எனக்குக் கோபம் அந்த இருவர் மேல் இல்லை. நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் என்ற கணக்கை அவர்கள் தலைக்கு மேல் தொங்கவிட்டவர்கள் குற்றவாளிக் கூண்டின் அருகே கூட வரவில்லை. மிக மேலே முடிவு எடுத்தவர்களைத் தொடாமல் மிகக் கீழே நின்றவர்களைத் தேடிய வழக்கு அது. அந்த முயற்சியும் தோற்றது. இதற்கிடையில் டிரான்ஸ்ஓஷன் 2010ஆம் ஆண்டைத் தன் வரலாற்றிலேயே பாதுகாப்பில் சிறந்த ஆண்டு என்று அளவிட்டு, தன் மேலதிகாரிகளுக்குப் பாதுகாப்புக்கான ஊக்கத்தொகை வழங்கியது. எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த அதிகாரிகள் தொகையை இறந்தவர்களின் குடும்பங்களுக்கான நிதிக்குக் கொடுத்தார்கள்.

சட்டத்தில் என்ன மாறியது என்று பார்த்தால் என் கவலை கூடுகிறது. எக்சான் வால்டெஸ் கப்பல் விபத்துக்குப் பின் வந்த 1990ஆம் ஆண்டு எண்ணெய் மாசுச் சட்டப்படி, துப்புரவுச் செலவு முழுவதையும் கசியவிட்டவர் ஏற்க வேண்டும். ஆனால் பிறருக்கு ஏற்படும் நட்டத்துக்குக் கடலடிக் கிணறுகளுக்கு 7.5 கோடி டாலர் என்ற உச்ச வரம்பு வைத்தார்கள். பெருங்கவனக்குறைவோ விதிமீறலோ நிரூபணமானால்தான் அந்த வரம்பு உடையும். மக்கோண்டோவில் பிபி தானாகவே அந்த வரம்பைக் கோராமல் விட்டது. அடுத்த முறை வேறொரு நிறுவனம் கோரலாம். வரம்பை 1,000 கோடி டாலராக உயர்த்த 2010இல் செனட்டில் வந்த மசோதா தடுக்கப்பட்டது. விலைவாசி உயர்வைக் கணக்கிட்டு 2014இல் அதை 13.4 கோடி டாலருக்கு அருகே கொண்டுவந்தார்கள், பின்னரும் விலைவாசிக்கு ஏற்ப மட்டுமே உயர்த்தினார்கள். சிறு வட்டார மீன்பிடித் தொழில் ஒன்று ஓர் ஆண்டு முடங்கினாலே கரைந்துவிடக்கூடிய தொகை அது.

மாண்ட 11 பேரின் குடும்பங்களுக்குச் சட்டம் இன்னும் குறைவாகவே கொடுத்தது. ஆழ்கடலில் நிகழும் மரணங்களுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறந்தவர் ஈட்டியிருக்கக்கூடிய பணத்தை மட்டுமே குடும்பம் கேட்க முடியும். தந்தையை இழந்த குழந்தையின் இழப்புக்கும், கணவனை இழந்த மனைவியின் துயரத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2000ஆம் ஆண்டில் இந்தச் சட்டத்தைத் திருத்தி, கடலில் விழும் பயணிகள் விமானங்களில் இறப்பவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். அதே கடலில் மேடையில் வேலை செய்து இறப்பவர்களுக்கும் அதைக் கொடுப்பதற்கான மசோதா 2010 ஜூலை 1 அன்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. இறந்தவர்களின் குடும்பத்தினர் வாஷிங்டனுக்கு வந்து அதற்காகச் சாட்சியம் சொல்லியிருந்தார்கள். செனட் அதை நிறைவேற்றவில்லை.